தேயிலை வேரும் இரும்பு மாத்திரையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, குருதி அமுக்கம், முழங்கால் நோவு என்று ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் கேட்டார். ஆனால் இன்று காலை அம்பிட்டிய வீதியால் ஏறி வந்தபோது, எங்கள் பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தின் யன்னலைக் கண்டதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. மருத்துவம் கடைசியில் வரும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் பாசிச்சாயத் தாள் ஆளுக்கு அரைத்துண்டுதான் கிடைக்கும். அது முடிந்ததும் தாவரவியல் ரீச்சர் எங்களை வேலியோரம் அனுப்பிச் செவ்வரத்தைப் பூ பறித்துவரச் சொல்வார். பூவைக் கசக்கி நீரில் கரைத்து, தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டால் நல்ல சிவப்பு. சவர்க்கார நீர் விட்டால் பச்சை. அன்று எங்களில் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்:

“ரீச்சர், தேசிக்காய்க்குள்ள இவ்வளவு புளி இருக்கே, அது ஏன் தன்னையே அரிச்சுக்கொள்ளுறதில்ல?”

“உள்ளுக்க அறை இருக்குப் பிள்ளை. புளியை அறைக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கு” என்றார் ரீச்சர்.

பகிடியாகச் சொன்னார் என்று நினைத்தோம். பிறகு உயர்தர வகுப்பில் கலத்தின் படம் வரைந்தபோதுதான் அந்த அறையின் பெயர் புன்வெற்றிடம் என்று தெரிந்தது. தேசிக்காயின் சாற்றுக் கலங்களில் அந்த அறைக்குள் பீஎச் ஏறக்குறைய 2. அதைச் சுற்றியிருக்கும் குழியவுருவிலோ 7க்குச் சற்று மேல். பீஎச் அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்படியானால் மெல்லிய சவ்வொன்றின் இரு பக்கமும் ஓர் இலட்சம் மடங்கு வித்தியாசம். அந்தச் சவ்வு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு தடிப்பும் இல்லாதது.

தேசிக்காயில் புளி உள்ளே இருக்கிறது. எங்கள் மலைகளில் இருக்கும் தேயிலைக்கோ புளி வெளியே. தேயிலை நன்றாக வளரும் மண்ணின் பீஎச் 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. அந்த மண்ணில் வெண்டியையும் போஞ்சியையும் நட்டவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு போடாமல் ஒன்றும் சரிவராது. தேயிலை மட்டும் அங்கே நின்று நூறு வருடம் வாழ்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டது முதல் இந்தக் கண்டிச் சீமையின் செம்மண்ணோடு அதற்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. வேரின் வெளிப்பக்கம் 5, கலத்தின் உட்பக்கம் 7க்கு மேல். உள்ளே இருப்பதைவிட வெளியே நூற்றுக்கணக்கான மடங்கு புளிப்பு. மண் 4.5க்கு இறங்கினால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அந்தப் புளிப்பு உள்ளே கசிந்துகொண்டேதான் இருக்கும். கசிந்ததை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தேயிலை எப்படித் தள்ளுகிறது?

இதைக் கண்டுபிடிக்க உதவியது தேயிலை அல்ல, குளத்துப் பாசி. சாதாரண கலத்தைக் காண நுணுக்குக்காட்டி வேண்டும். ஆனால் நைற்றெல்லா, காரா என்ற அல்காக்களின் கணுவிடைக் கலம் ஒன்றே சில சென்ரிமீற்றர் நீளமிருக்கும். கையால் எடுத்து, முனையை வெட்டி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து சோதிக்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஹோக்லண்ட் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1920களில் அதைத்தான் செய்தார்கள். குளத்து நீரில் இருந்ததைவிடக் கலச் சாற்றில் பொற்றாசியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு செறிவாக இருந்தது. சோடியம் ஐம்பது மடங்களவில்தான். எல்லாம் ஒரே அளவில் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். கலம் வெறும் பை அல்ல. அது தெரிந்து எடுக்கிறது. இன்னொன்றும் கண்டார்கள். பாசியை இருட்டில் வைத்தால் இந்தச் சேர்ப்பு நின்றுபோகிறது. வெளிச்சம் பட்டால்தான் நடக்கிறது. அப்படியானால் இது தானாக ஊறி உள்ளே போவது அல்ல, செலவு செய்து எடுப்பது.

காராவிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெளிச்சத்தில் அதன் நீண்ட கலத்தின் மேற்பரப்பு புலியின் வரிபோல அமில வளையம், கார வளையம் என்று மாறி மாறி அமைந்துவிடும். அமில வளையத்தில் பீஎச் 6க்குக் கீழ், கார வளையத்தில் 9க்கு மேல். அமில இடத்தில் நீரிலுள்ள இருகாபனேற்றைக் காபனீரொட்சைட்டாக மாற்றி உணவு தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. கார இடத்தில் சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாகிறது. ஒரே கலம் தன் தோலின் ஓரிடத்தைப் புளிக்கவைத்து, பக்கத்து இடத்தைக் காரமாக்கி, இரண்டுக்கும் நடுவே உள்ளே 7க்கு மேல் அசையாமல் நிற்கிறது. பொது இடத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் வைத்திருக்கும் சிலரை நினைத்துச் சிரித்தோம். ஆனால் பாசி அதைப் பிழைப்புக்காகச் செய்கிறது.

இந்த வேலையைச் செய்யும் பொறிக்கு இப்போது பெயர் தெரியும். புரோத்தன் பம்பி. கலமென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஏரீபி என்ற சக்தி நாணயத்தைச் செலவழித்து, உள்ளிருக்கும் ஐதரசன் அயன்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறது. வேர்க்கலம் ஒன்று தன் வருமானத்தில் கால்பங்கு முதல் பாதி வரை இந்த ஒரு வேலைக்கே செலவிடலாம் என மதிப்பிட்டிருக்கிறார்கள். வீட்டு வருமானத்தில் பாதியை வாசல் கூட்டவே கொடுப்பது போல இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தச் செலவால் இரண்டு ஆதாயம். முதலாவது, உட்பக்கம் புளிக்காமல் இருக்கிறது. இரண்டாவதுதான் பெரியது. நேரேற்றமுள்ள ஐதரசன் வெளியே போய்க்கொண்டிருப்பதால் கலத்தின் உட்பக்கம் எதிரேற்றம் பெறுகிறது. 100 முதல் 200 மில்லிவோற்று வரை. சிறிய மின்கலம் ஒன்று போல. அந்த இழுவையில் பொற்றாசியம் உள்ளே வருகிறது. வெளியே குவிந்த ஐதரசன் திரும்ப உள்ளே வர முண்டியடிக்கும்போது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு நைத்திரேற்றும் பொசுபேற்றும் வந்துவிடுகின்றன. வாசலில் இருக்கும் புளிப்புத்தான் செடியின் சோறு. இன்றைய பேச்சில் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வாசலில் நெரிசலும் உண்டு. 1952இல் எப்ஸ்ரைன், ஹேகன் என்ற இருவர் பார்லி வேரில் காட்டினார்கள்: பொற்றாசியமும் அதன் உறவுக்காரரான ருபீடியமும் ஒரே கதவுக்குப் போட்டியிடும். ஒன்று கூடினால் மற்றது குறையும். தோட்டத்தில் பொற்றாசிய உரத்தை அள்ளிப் போட்டால் மக்னீசியம் குறைந்து, முற்றிய இலை நரம்புக்கு நடுவே மஞ்சளாவது இதே கணக்கின் இன்னொரு பக்கம்.

தேயிலைக்கு வருவோம். நைதரசனை அது நைத்திரேற்றாக எடுப்பதைவிட அமோனியமாக எடுப்பதையே விரும்பும். அமோனியம் நேரேற்றமுள்ளது. அதை உள்ளே எடுக்கும் வேர் கணக்கைச் சரிசெய்ய ஐதரசனை வெளியே விடும். மண் இன்னும் புளிக்கும். அதோடு எஞ்சிய அமோனியத்தை மண்ணின் நுண்ணங்கிகள் நைத்திரேற்றாக்கும்போதும் அமிலம் பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக அமோனியம் சல்பேற்றுப் போட்ட மலைகளில் தேயிலைக்கே தாங்காத அளவுக்குப் புளிப்பு ஏறிவிடுவது இதனால்தான். கவ்வாத்துக் காலத்தையொட்டி டொலமைற்று தூவுவார்களே, வெள்ளை மாவாக மலை முழுவதும் கிடக்கும், சிறு வயதில் பனி என்று விளையாடினோம், அது இந்தக் கணக்கை ஈடுசெய்யத்தான். அளவு மிஞ்சினாலும் பிழை. கிழக்கு ஆபிரிக்காவில் பழைய குடிசைகள் இருந்து சாம்பல் சேர்ந்த நிலத்தில் தேயிலை நட்டபோது, அந்தத் திட்டுகளில் மட்டும் செடி வாடி நின்றது. பீஎச் கூடிவிட்டது. கந்தகம் போட்டுப் புளிக்கவைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2021 மே மாதத்தில் நாட்டில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் தளர்த்தினார்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. வேர் சாணத்தை உறிஞ்சுவதில்லை, பையிலுள்ள உரத்தையும் உறிஞ்சுவதில்லை. இரண்டிலிருந்தும் கரைந்து வரும் அமோனியம், நைத்திரேற்று, பொற்றாசியம் ஆகிய அயன்களைத்தான் அது அறியும். எங்கிருந்து வந்தது என்று கேட்காது. எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்பதுதான் அதற்கு முக்கியம். கொம்போஸ்ட் நல்லதுதான். ஆனால் ஒரே இரவில் மலை முழுவதற்கும் போதுமான அளவு கொம்போஸ்ட் எங்கே இருந்தது? கொழுந்து குறைந்தபோது பெயர் குறைந்ததும் சம்பளம் குறைந்ததும் யாருக்கு என்பது இந்தச் சபையில் பலருக்குத் தெரியும். எங்களில் கணிசமானோர் லயத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு நடந்து வந்தவர்கள்.

புளிப்பு மண்ணில் இன்னொரு பேரிடர் இருக்கிறது, அலுமினியம். களிமண்ணில் அலுமினியம் எங்கும் உண்டு. சாதாரண மண்ணில் கல்லாகக் கட்டுண்டு கிடக்கும். பீஎச் 5க்குக் கீழே இறங்கினால் கரைந்து வெளியே வந்துவிடும். மிகச் சிறிய செறிவிலும் பெரும்பாலான பயிர்களின் வேர்நுனி ஓரிரு மணித்தியாலத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். சில கோதுமை இனங்கள் மலிக்கமிலத்தை வேர்நுனியால் கசியவிட்டு, அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. தேயிலை கதவைப் பூட்டுவதில்லை. வா என்று உள்ளே எடுக்கிறது. எடுத்ததை முற்றிய இலைகளுக்கு அனுப்பிச் சேமிக்கிறது. முற்றிய தேயிலை இலையின் உலர் நிறையில் நூற்றில் மூன்று பங்கு வரை அலுமினியம் இருந்ததாக அளந்திருக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தில் அதில் மிகச் சிறிய பங்குதான். தேயிலைக்கு அலுமினியம் கொஞ்சம் கிடைத்தால் வேர் இன்னும் நன்றாக வளர்கிறது என்பதும் பரிசோதனையில் கண்டதுதான்.

அலுமினியத்தின் கைவரிசையைக் கண்ணால் பார்க்க விரும்பினால் நுவரெலியாவுக்குப் போங்கள். கல்விச் சுற்றுலாவில் ஹைட்ரேஞ்சியாப் பூவைக் கண்டு நாங்கள் குழம்பியது நினைவிருக்கிறதா? பாசிச்சாயம் அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம் என்று பாடமாக்கியிருந்தோம். அந்தப் பூவோ புளிப்பு மண்ணில் நீலம், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பு. தலைகீழ். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து பூவிதழ்க் கலத்துக்குப் போய் நிறப்பொருளோடு சேர்ந்தால்தான் நீலம் என்பது விடை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மயிரிழை போன்ற மின்முனையைக் கலத்தின் அறைக்குள்ளேயே செலுத்தி அளந்தார்கள். நீலக் கலத்தின் புன்வெற்றிடத்தில் பீஎச் 4.1, சிவப்புக் கலத்தில் 3.3. உள்ளே பார்த்தால் பாசிச்சாயப் பாடம் சரிதான், புளிப்புக் கூடிய கலமே சிவப்பு. மண்ணின் புளிப்பு வேறு, கலத்தின் புளிப்பு வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்ததுதான் எங்கள் பிழை.

தேநீரில் அலுமினியம் இருக்கிறதாமே, மறதி வருமா என்று நீங்கள் கேட்கப்போவது தெரியும். தேநீரில் இருக்கும் சிறிதளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குடல் எடுக்கிறது. எடுத்ததைச் சிறுநீரகம் கழித்துவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நிலைமை வேறு. 1970களில் குருதிச் சுத்திகரிப்புக்குப் பாவித்த நீரில் அலுமினியம் இருந்ததால் சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது உண்மை. அப்படியானவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்குத் தேநீரில் வேறொரு பிரச்சினை இருக்கிறது, அது அலுமினியம் அல்ல.

இலையில் சேர்த்த அலுமினியத்தைத் தேயிலை எப்படி ஆபத்தில்லாமல் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பகுதியைக் கலச்சுவரில் ஒதுக்குகிறது. இன்னொரு பகுதியைத் தன் துவர்ப்புப் பொருட்களால், பொலிபீனோல் என்பவற்றால், பற்றிப் பிடித்துக்கொள்கிறது. நாவில் தட்டும் அந்தத் துவர்ப்பு உலோக அயனைக் கண்டால் விடாது. கோப்பைக்குள் வந்த பிறகும் அதன் குணம் மாறுவதில்லை. அங்கே அது பிடிப்பது எங்கள் இரும்பை.

இரும்பை எடுப்பதில் வேருக்கும் எங்கள் குடலுக்கும் இருக்கும் ஒற்றுமையைப் படித்தபோது நாம் வியந்துபோனோம். மண்ணில் இரும்பு துருவாகக் கிடக்கிறது, கரையாது. தேயிலை போன்ற இருவித்திலைத் தாவரங்களின் வேர் மூன்று படியாக அதை எடுக்கிறது. முதலில் புரோத்தன் பம்பியால் வாசலைப் புளிக்கவைத்துத் துருவைக் கரைக்கிறது. பிறகு சவ்விலுள்ள நொதியம் ஒன்று பெரிக்கு இரும்பைப் பெரசு இரும்பாகத் தாழ்த்துகிறது. மூன்றாவதாக ஒரு காவிப் புரதம் அதை உள்ளே கொண்டுபோகிறது. புல்லினங்களுக்கு வேறு வழி உண்டு, அதை விடுவோம். எங்கள் உடலில்? முதலில் இரைப்பை அமிலம் உணவிலுள்ள இரும்பைக் கரைக்கிறது. பிறகு முன்சிறுகுடலின் சுவரிலுள்ள நொதியம் அதைப் பெரசாகத் தாழ்த்துகிறது. மூன்றாவதாகக் காவிப் புரதம் ஒன்று, ஐதரசன் அயன் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, அதை உள்ளே எடுக்கிறது. வேரின் காவியை 1996இலும் குடலின் காவியை 1997இலும் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பியும் வேரிலுள்ள பம்பியும் ஒரே குடும்பத்துப் புரதங்கள். அந்தக் குடும்பத்தின் முதல் அங்கத்தவரை 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூவுக்கு நாற்பது வருடம் கழித்து, 1997இல், நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பு அளவு மிஞ்சினாலும் நஞ்சு. மலைக்குக் கீழே பள்ளத்து வயலில் நெல்லின் இலை செம்புநிறப் புள்ளியாகிக் கருகுவதைக் கண்டிருப்பீர்கள். நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லாததால் இரும்பு அளவுக்கு மிஞ்சிக் கரைந்து வேரைத் திணறடிக்கிறது. இந்த நோய்க்கு இரும்பு மிகுதியே காரணம் என்பதை எமது நாட்டு மண்ணியல் அறிஞர் பீலிக்ஸ் பொன்னம்பெருமவும் அவருடைய சகாக்களும் 1955இல் எழுதினார்கள். ஒரே மலைச்சரிவில் மேலே மஞ்சள், கீழே செம்பு. ஆனால் நாம் கிளினிக்கில் நாளும் பார்ப்பது மிகுதியை அல்ல, குறைவைத்தான்.

சில வருடங்களுக்கு முன் கர்ப்பவதிகள் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவர், இரண்டாவது பிள்ளை, ஆறாம் மாதம். ஈமோகுளோபின் 8.6. இரும்பு மாத்திரை கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 8.7. இன்னும் ஒரு மாதம் கழித்து 8.5. அட்டையில் ‘மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதினோம். எழுதியதோடு நிற்காமல், பிள்ளையைப் பற்றி அக்கறை இல்லையா என்று ஏசவும் செய்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்போம் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கேட்டவர் குடும்பநல உத்தியோகத்தர். லயத்துக்குப் போனவர், மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் மிச்சமில்லை.

“எதோட முழுங்குற தங்கச்சி?”

“தேத்தண்ணியோடதான் மிஸ். வெறுந் தண்ணியில குடிச்சா கொமட்டுது. காலையில மலைக்குப் போக முந்தி சாயத்தண்ணி குடிக்கையில எல்லா மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுக்கிறேன்.”

எல்லா மாத்திரையும் என்றால் இரும்பு, போலிக்கமிலம், விற்றமின் சி, கல்சியம். கடுஞ்சாயத்தோடு. ஒரு நாளும் தவறாமல் எடுத்திருக்கிறார். சாயத்தின் பொலிபீனோல் இரும்பைப் பிடித்துவைத்தது. தேநீரோடு எடுக்கும்போது தாவர உணவின் இரும்பில் பாதிக்கு மேல் உறிஞ்சப்படாமல் போவது பரிசோதனைகளில் கண்ட விடயம். கூடவே கல்சியம் வாசலில் நெரிசல் கொடுத்தது. பறிக்கும் கைக்கே அந்த இலை இரும்பை மறுத்தது என்று எழுதினால் கவிதையாகிவிடும். உண்மையில் மறுத்தது இலை மட்டுமல்ல. எதோடு விழுங்குகிறாய் என்று இரண்டு மாதமாகக் கேட்காத நாங்களும்தான்.

மாற்றியது மிகச் சிறியது. இரும்பும் விற்றமின் சியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப்போகும்போது, நீருடன். விற்றமின் சி இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும், பெரிக்கைப் பெரசாக்கவும் உதவும். வேர் செய்யும் இரண்டாம் படிதான். குமட்டினால் தேசிக்காய் பிழிந்த நீர். கல்சியம் பகல் சாப்பாட்டோடு. தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. மலைக் குளிரில் அதையும் பறித்தால் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னோம். ஐந்து வாரத்தில் 10.1. பிள்ளை 2 கிலோ 900 கிராம்.

இன்னொரு கதை எங்கள் வகுப்புத் தோழி ஒருவருடையது. அவர் இங்கே இருக்கிறார், சொல்லலாம் என்று அனுமதி தந்தார். நெஞ்செரிவுக்கென்று பாமசியில் வாங்கிய ஒமெப்பிரசோலை ஆறு வருடமாக விடாமல் எடுத்திருக்கிறார். ஒரு வைத்தியர் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது, அதற்குப் பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மருந்து இரைப்பையின் புரோத்தன் பம்பியோடு ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடும். புண்ணுக்கு அருமையான மருந்து, பல உயிர்களைக் காத்தது. ஆனால் வாசலில் புளிப்பு இல்லாமல் இரும்பு எப்படி உள்ளே போகும்? ஆறு வருடத்தில் அவர் வெளிறி, படியேற மூச்சு வாங்கி, தலைமுடி கொட்டி, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாங்களும் ஒன்றுகூடல்களில் சந்தித்து, மெலிந்துவிட்டாய், அழகாயிருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வைத்தியர் நாலு பேர் இருக்கும் வகுப்பு!

அதனால் ஒமெப்பிரசோல், பன்ரப்பிரசோல் என்று முடியும் மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போய் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். சிலருக்கு அது கட்டாயம் தேவை. திடீரென்று நிறுத்தினால் நெஞ்செரிவு முன்னதைவிடக் கடுமையாகத் திரும்பி வரும். இன்னும் தேவையா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஈமோகுளோபினும் விற்றமின் பி12உம் எப்போது பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். அவர் அவசரப்பட்டால் மறுபடியும் கேளுங்கள். தோட்டத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அப்படி மறுபடி கேட்க வாய் வராது. அவருக்காக அந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் கல்லூரியில் படித்த குடும்பநல உத்தியோகத்தர்களும் தாதியரும் ஆசிரியைகளும் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைக் காட்டுகிறார். பின்வராந்தாவில் தேநீர் ஆயத்தம் என்கிறார்கள், வாசனையும் வருகிறது. இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்துவிட்டுக் குடியுங்கள். கதைக்க எங்களுக்கு விடயமா இல்லை?